சீனச் சாக்கும் இந்திய வீடும்

காலை பத்து மணி இருக்கும். புது வீடுகள் நின்ற திடலில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் நாற்பது பேர் கொழுந்துக் கூடையோடு வரிசையாக நின்றார்கள். நாற்பது பேரின் இடுப்பிலும் சீனாவின் சிவப்புக் கொடி. திறக்கப்போவதோ இந்தியா கட்டிக்கொடுத்த வீடு. திறக்க வந்துகொண்டிருந்தவரோ இந்தியாவின் சார்பில் வரும் ஓர் அதிகாரி அம்மா.

அந்த நாற்பது கொடியையும் அவர்கள் இடுப்பில் ஏற்றியவள் நான். என் கையால், என் தையல் மெஷினில், ஒன்பது நாள் உட்கார்ந்து தைத்தேன்.

"ஸ்டெல்லாக்கா, அந்தாளு ஏன் நம்ம இடுப்பையே பாக்குறான்?" என்று முன்வரிசையில் நின்ற புஷ்பம் மெதுவாகக் கேட்டாள்.

அந்தாள் என்றது இணைப்பாளரை. அரசியல் பிரமுகர் ஒருவரின் ஆள். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். விழா ஏற்பாடு முழுவதும் அவர் பொறுப்பு. எங்கள் வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஐயோ ஆண்டவரே, என்ன காரியம் செய்து வைத்தேன்!

படங்கு கட்டாமல் மலைக்குப் போக முடியாது

பதுளைப் பக்கம் நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் தோட்டத்தில் நான் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொண்டவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். உத்தியோகப் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் ஸ்டெல்லாக்காதான்.

டவுனில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குப் படங்கு தெரியாது. விடிந்ததும் தேயிலைச் செடி பனியில் நனைந்து நிற்கும். அதற்குள் புகுந்து போனால் இடுப்பிலிருந்து முழங்கால்வரை சொதசொதவென்று ஆகிவிடும். கிளை வேறு கிழிக்கும். அதனால் இடுப்பைச் சுற்றித் தடித்த சாக்கையோ ரப்பர் துணியையோ கட்டிக்கொள்வார்கள். அதுதான் படங்கு.

முன்பு தோட்டமே கொடுத்தது. பிறகு கம்பெனி கஷ்டத்தில் இருப்பதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். பெண்கள் உரச் சாக்கை வெட்டிக் கட்டினார்கள். இடுப்பெல்லாம் அரிப்பு. என்னிடம் வந்து தேங்காய் எண்ணெய் கேட்பார்கள். அப்புறம் நாட்டில் உரமே வராத ஒரு காலம் வந்தது. உரமே இல்லாதபோது உரச் சாக்குக்கு எங்கே போவது?

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடப் பகல் சாப்பாட்டுக்குச் சீனாவிலிருந்து அரிசி வந்தது. அடேயப்பா, என்ன சாக்கு அது! தடிப்பு, வெள்ளை வெளேரென்ற நிறம், கிழிக்கப் பார்த்தாலும் கிழியாது. ஒரு பக்கம் முழுக்கச் சிவப்புக் கொடி அச்சடித்திருந்தது. வெறும் சாக்கைப் பள்ளிக்கூடத்தில் குவித்து வைத்திருந்தார்கள். அதிபரிடம் கேட்டேன், தூக்கிக்கொண்டு போங்கள் என்றார்.

பதுளை பசாருக்குப் போய்த் தடித்த நூல் வாங்கி வந்தேன். அச்சடித்த பக்கம் வழுவழுப்பாக இருந்தது. அதை வெளியே வைத்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். உள்பக்கம் உடம்பில் உரசாமல் இருக்க மடுவத்தில் கிடந்த சத்துமாச் சாக்கை வைத்துத் தைத்தேன். வெளிப்பக்கம் கொடி இருந்தது என்பது என் கண்ணில் படவே இல்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் தண்ணீர் இறங்குமா இறங்காதா என்பதுதான்.

சாக்கில் வந்த உலகம்

எங்கள் பக்கம் உலக அரசியல் பேப்பரில் வருவதற்கு முன்பே சாக்கில் வந்துவிடும். எந்த நாடு எங்களோடு நேசமாக இருக்கிறது, எது யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சாக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நாடு பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற வருஷத்தில் தமிழ்நாட்டு அரிசி வந்தது. கொஞ்ச நாளில் சீன அரிசி வந்தது. மடுவத்துப் பிள்ளைகளுக்குச் சத்துமா வந்தது, அந்தச் சாக்கில் அமெரிக்கக் கொடி. தமிழ்நாட்டுச் சாக்கு ஒன்றுகூட என் கைக்குக் கிடைக்கவில்லை. அதை விறகு கட்டவும் உருளைக்கிழங்கு போடவும் முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டார்கள். கிடைத்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது!

தின்ற நன்றியை நான் மறக்கமாட்டேன். மூன்று நாட்டுச் சோறும் எங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஆனால் கொடுக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். எங்கோ ஒரு நாட்டில் சண்டை தொடங்கினால் எங்கள் தேயிலை விலை இறங்கும், இங்கே வேலை நாள் குறையும். அந்த நாடு வரைபடத்தில் எந்தப் பக்கம் இருக்கிறதென்றுகூட எங்களுக்குத் தெரியாது.

வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷமாயிற்று. மலைக்கு அவன் வைத்த பெயர் இன்னும் போர்டில் இருக்கிறது. அவன் கட்டிய பங்களாவில் இப்போது இருப்பவர் மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பையன், என் மகன் வயதுதான் இருக்கும். நல்ல பிள்ளை, மாலையில் தொழிற்சாலைப் பொடியன்களோடு கிரிக்கெட் விளையாடுவார். ஆனாலும் தோட்டத்தை நடத்துகிற துரை அவர். அவரைக் கண்டால் எங்கள் ஆம்பிளைகள் தலையில் கட்டிய துண்டை இடுப்புக்கு இறக்கிவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கை தானாகப் போகிறது. அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் ஜீப் வந்தால் நானும் எழுந்து நிற்பேன். பிறகு என்னையே திட்டிக்கொள்வேன்.

புஷ்பம் கேட்டது ஒரு காகிதம்

இப்போது புஷ்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். முழுப்பெயர் மரியபுஷ்பம். புருஷன் இல்லை. ஒரே மகள், பதுளையில் துணிக்கடையில் வேலை.

ஒரு அடைமழையில் புஷ்பத்தின் லயத்துக்குப் பின்னால் மலை சரிந்தது. சுவர் நெடுக வெடித்துவிட்டது. இனி இங்கே இருக்கக்கூடாது என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கே போவது என்று நோட்டீசில் எழுதவில்லை. என் மடுவத்தின் பின்னறையில் சீலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு தாயும் மகளும் குடிவந்தார்கள். ஒரு மாதம் என்றார்கள். மூன்று வருஷமாயிற்று.

காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் அவள் அடுப்பை அணைத்து, பாயைச் சுருட்டி, தான் அங்கே இருக்கிற தடமே தெரியாமல் கூட்டிப் பெருக்கி வைத்துவிடுவாள்.

புது வீட்டுப் பட்டியலில் அவள் பெயர்தான் முதல். விழாவில் முதல் சாவியும் அவளுக்கே என்று முடிவாயிற்று. லயமே அவளைக் கொண்டாடியது. அவள் மட்டும் முழுசாகச் சிரிக்கவில்லை.

"வீடு சரிக்கா. எனக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் வேல. அப்புறம் எங்க வூட்டுல இருந்து தோட்டத்துல பேரு போட ஆளில்ல. அப்ப என்னய எறங்கச் சொன்னா?"

அவள் பயம் நியாயமானது. நாங்கள் குடியிருக்கும் லயக்காம்பரா எங்களுடையது இல்லை. வேலை இருக்கும்வரை இருக்கலாம், வேலை முடிந்தால் வீட்டில் வேறு யாராவது தோட்ட வேலைக்குப் பேர் போடவேண்டும். வெள்ளைக்காரன் வைத்த வழக்கம் அது. நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பெனியினுடையது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை மிதித்தவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. புது வீட்டுக்கு உறுதிப் பத்திரம் வரும் வரும் என்றார்கள். யார் கொடுப்பார்கள், எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள்.

"கூடையோட வரணும்"

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் இணைப்பாளர் ஒத்திகை பார்க்க வந்தார். பெண்கள் நல்ல சீலை கட்டி, பூ வைத்து வருவதாகப் பேசிவைத்திருந்தோம். கோயில் திருநாளுக்குக் கட்டுகிற சீலைகளை எல்லோரும் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டுவிட்டார்கள்.

"சீலை எல்லாம் வேணாம்" என்றார் இணைப்பாளர். "கொழுந்து எடுக்கப் போற மாதிரியே வாங்க. கூடை, படங்கு, எல்லாம். அப்பத்தான் படம் நல்லா வரும். தேயிலைத் தோட்டம்னு பாக்குறவங்களுக்குத் தெரியணும்ல?"

"வீடு திறக்குற அன்னைக்கும் கூடையா?" என்று நான் கேட்டேன். என் வாய் கொஞ்சம் நீளம்.

"மிஸ், நீங்க மடுவத்தப் பாருங்க, நான் விழாவப் பாக்குறேன்" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைப் பெட்டியில் கூடையும் முக்காடுமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். இன்னும் அவளைத்தான் எல்லோரும் தேடி வருகிறார்கள். அவள் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று யாரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கேட்டதில்லை.

ஆக, சொன்னபடியே செய்தார்கள். மலையிலிருந்து நேராக வந்தார்கள். கூடை, முக்காடு, படங்கு, எதுவும் குறையவில்லை.

திருப்பியும் கட்ட முடியவில்லை

"யாரோட வேலை இது? எந்தக் கட்சி சொல்லிக் கட்டினீங்க?" இணைப்பாளர் கத்தினார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். துரை ஓடிவந்தார். "ஸ்டெல்லா மிஸ், என்ன இது? பெரிய ப்ராப்ளம் வரும்" என்றார். அவர் தமிழ் பதற்றத்தில் இன்னும் உடைந்தது.

"கட்சியுமில்ல ஒண்ணுமில்ல சேர், நான்தான் தைச்சேன். பள்ளிக்கூடத்து அரிசிச் சாக்கு" என்றேன்.

"திருப்பிக் கட்டுங்க! எல்லாரும் திருப்பிக் கட்டுங்க!" என்றார் இணைப்பாளர்.

முன்னால் நின்ற ஐந்தாறு பேர் அவிழ்த்துத் திருப்பினார்கள். உள்பக்கம் சத்துமாச் சாக்கு. அமெரிக்கக் கொடி.

"ஐயையோ, திருப்பாதீங்க, திருப்பாதீங்க!"

வரிசை முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. துரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், அவர் தோளும் ஆடியது. இணைப்பாளருக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. அவர் வேலை போய்விடும் என்று பயந்திருக்கவேண்டும். இப்போது நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

"கழட்டிப் போடுங்க எல்லாத்தையும்" என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது. ஒருவரும் கை வைக்கவில்லை.

"காது கேக்கலையா? ஏம்மா, நீதானே முதல் சாவி வாங்குறது? கழட்டு."

புஷ்பம் படங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கழட்ட மாட்டேங்க" என்றாள்.

"ஏன்?"

அவள் பிடியை விடவில்லை. எனக்குத் தெரியும். அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். மலைக்குக் கட்டிப் போகிற சீலை, எதற்கும் ஆகாத சீலை. இடுப்புக்குக் கீழே கிழிசலும் ஒட்டும்தான். படங்கு அதை மறைக்கும் என்ற தைரியத்தில் கட்டுவது. இருக்கிற நல்ல சீலையை வேண்டாம் என்று சொன்னதே இந்த மனிதர்தான்.

"அப்ப பின்னால போய் நில்லு. சாவிய அடுத்த ஆளுக்குக் குடுப்போம்" என்று சொல்லிவிட்டுப் பட்டியலைப் பார்த்து இரண்டாவது பெயரைக் கூப்பிட்டார்.

புஷ்பம் புது வீட்டுக் கதவைப் பார்த்தாள். மூன்று வருஷம் என் பின்னறையில் பாயைச் சுருட்டியவள். நான் தைத்த சாக்கு இவள் வீட்டைப் பறித்துவிடுமோ என்று பயந்தேன்.

இரண்டாவது பெயர்க்காரி நகரவில்லை. மூன்றாவது பெயரைக் கூப்பிட்டார். அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் முதல் குரலுக்கே ஓடிவருகிறவர்கள் இவர்கள். அன்றைக்கு ஒருத்தி அசையவில்லை.

கீழே வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. வண்டி வந்துவிட்டது.

விருந்தாளி அம்மா

இறங்கிய அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நூல் சீலை, சாதாரணச் செருப்பு. திருநெல்வேலிப் பக்கம் என்று பிறகு சொன்னார். வரிசையைப் பார்த்தார், நின்றார். இணைப்பாளர் முந்திக்கொண்டு ஏதோ ஆங்கிலத்தில் சொல்லப் போனார்.

நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். "அம்மா, இது என் தப்புங்க. சாக்கு நல்லாருக்கேன்னு தைச்சிட்டேன். இவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர் குனிந்து புஷ்பத்தின் படங்கு விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"தண்ணி இறங்காதா?"

"இறங்காதுங்க. அச்சு வெளிய இருந்தா வழுக்கிட்டு ஓடிரும்."

"நல்ல தையல்" என்று சிரித்தார். "இதுக்கா இவ்வளவு பதற்றம்? வாங்க, வீட்டப் பாப்போம்."

போட்டோக்காரர் காதில் இணைப்பாளர் ஏதோ சொன்னார். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் எங்கள் பெண்கள் எல்லோரும் இடுப்புக்கு மேலேதான் இருந்தார்கள்!

வீட்டு வாசலில் ரிப்பன் வெட்டியாயிற்று. அந்த அம்மா சாவியை நீட்டினார். புஷ்பம் கை நீட்டவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"இந்த வீடு எம் பேருல எழுதுவீங்களா? ரெண்டு வருசத்துல எனக்கு வேல முடிஞ்சிரும். அதுக்கப்புறமும் நா இதுல இருக்கலாமுங்களா?"

கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அந்த அம்மா துரையைப் பார்த்தார். துரை இணைப்பாளரைப் பார்த்தார். இணைப்பாளர் போனைப் பார்த்தார்.

"அது எங்க கையில இல்லம்மா" என்றார் அந்த அம்மா கடைசியில். அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்டத்தான் எங்களால கட்டிக் குடுக்க முடியும். நிலம் உங்க நாட்டோடது. உங்க அரசாங்கம்தான் எழுதணும். நான் எடுத்துச் சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன், அதுக்கு மேல என்னால ஆகாது."

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. மேடையில் ஏறினால் ஆகாசத்தையே எழுதிக் கொடுக்கிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தோம். ஆகாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

புஷ்பம் இரண்டு கையையும் நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

யாருங்க அது?

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் புஷ்பத்துக்கு வேலை முடிந்தது. உறுதி வரவில்லை.

ஒரு மத்தியானம் நான் அவள் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நானும் ஓய்வுதான். வெளியே ஜீப் சத்தம். பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

லயத்தில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். கணக்கப்பிள்ளையோ காவல் பார்க்கும் வோச்சரோ வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவார்கள், நாங்கள் விழுந்தடித்து ஓடுவோம். இந்த வீட்டுக்குக் கதவு இருந்தது, பூட்டும் இருந்தது.

"யாருங்க அது?" என்றாள் புஷ்பம், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"நான் துரை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி எழுந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"செத்த நில்லுங்க தொரை, வாரேன்" என்றாள். கிளாசில் இருந்ததைக் குடித்து முடித்தாள். முந்தானையில் வாயைத் துடைத்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

துரை வெயிலில் நின்றிருந்தார். கையில் ஒரு காகிதம். அவருக்கும் சங்கடம்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஒபீஸ்ல குடுத்தது. சும்மா ஒரு சைன் மட்டும்" என்றார்.

காகிதத்தை வாங்கி நான் வாசித்துச் சொன்னேன். தோட்ட நிர்வாகத்தின் தயவால் தற்காலிகமாக இந்த வீட்டில் குடியிருக்கிறேன், நிர்வாகம் கேட்கும்போது காலி செய்து கொடுப்பேன். இவ்வளவுதான் இருந்தது. கீழே கோடு போட்டு, கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கக் கட்டமும் போட்டிருந்தார்கள். மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார்.

புஷ்பம் மைப்பெட்டியைப் பார்த்தாள். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க தொரை" என்றாள். "உறுதியக் கொண்டாங்க. அதுல போடுறேன்."

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். துரை அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

புஷ்பம் கதவைச் சாத்தினாள். பூட்டைப் போட்டு, பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.